ஜீனா ரொசேரோவின் கதையில் நீங்கள் விட்டுவிடும் காகிதம்: தமிழ் ஊடக ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்கள், வார இதழ்கள், இணைய இதழ்கள், காணொளித் தளங்களின் ஆசிரியர்களுக்கு,

ஒரு பெண்ணின் படம். பக்கத்தில் ஒரு சிறுவனின் படம். இரண்டுக்கும் நடுவே சிவப்பு அம்புக்குறி. மேலே, இவர் ஆண் என்றால் நம்ப முடிகிறதா என்று ஒரு கேள்வி. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த மாடலும் திருநர் உரிமைச் செயல்பாட்டாளருமான ஜீனா ரொசேரோவைப் பற்றி எங்கள் கண்ணில் பட்ட தமிழ்க் கட்டுரைகளில் பல இந்த அச்சில் வார்த்தவைதாம். அப்படி வந்த ஒன்றில் இருந்த பிழைகளைச் சுட்டித் திருத்தம் கேட்டு எழுதினோம். அந்தத் தலைப்பை வாசகர்கள் அதிகம் திறந்து பார்க்கிறார்கள், மாற்றுவதற்கில்லை என்று பதில் வந்தது. அந்த முடிவை எங்களால் ஏற்க முடியவில்லை. இதழின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த அச்சு எல்லோர் கையிலும் இருக்கிறது என்பதால் எல்லோருக்கும் எழுதுகிறோம்.

பிலிப்பைன்ஸ் திருநர் இயக்கத்தின் வழக்குகளையும் சட்டங்களையும் தொடர்ந்து படித்து வருபவர்கள் நாங்கள். எங்கள் புகார் மரியாதைச் சொற்களைப் பற்றியது மட்டுமல்ல. உங்கள் கட்டுரைகள் கதையின் நடுப்பகுதியையே விட்டுவிடுகின்றன. ‘ஆணாகப் பிறந்தான், அறுவை சிகிச்சை செய்தான், பெண்ணானாள், மகுடம் சூடினாள்’ என்று நான்கு வரியில் முடித்துவிடுகிறீர்கள். ஜீனா ரொசேரோ நாடு விட்டு நாடு போனதற்குக் காரணம் மகுடமும் அல்ல, அறுவை சிகிச்சையும் அல்ல. அடையாள அட்டையில் அச்சாகும் ஒரு பெயர், பாலைக் குறிக்கும் ஒரு எழுத்து. அந்த எழுத்தைத் தரச் சொந்த நாட்டின் சட்டத்தில் இடமில்லை.

ஆரம்பத்திலிருந்து பார்ப்போம். மணிலா பெருநகரத்தின் ஒரு பகுதியான மக்காட்டியில், எஸ்கினிட்டா என்று அவர்கள் சொல்லும் குறுகிய சந்தொன்றில் வளர்ந்தவர் ஜீனா. ஐந்து வயதில் சட்டையைத் தலையில் மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவார். ஏன் எப்போதும் சட்டையைத் தலையில் போட்டிருக்கிறாய் என்று அம்மா கேட்டதற்கு, இது என் கூந்தல், நான் பெண் என்று பதில் சொல்லியிருக்கிறார். 2014இல் டெட் (TED) என்ற சொற்பொழிவு மேடையில் அவரே சொன்னது இது. ஆகவே, 19 வயதில் தாய்லாந்தில் நடந்த அறுவை சிகிச்சையில் அவர் ‘பெண்ணாக மாறினார்’ என்று எழுதுவது தகவல் பிழை. ஐந்து வயதில் சொன்னதைப் பிற்பாடு உலகம் ஒப்புக்கொண்டது, அவ்வளவுதான்.

15 வயதில் டைகர்லிலி என்பவரைச் சந்திக்கிறார். திருநங்கையரின் அழகிப் போட்டிகளுக்குப் போட்டியாளர்களைத் தயார்செய்து அழைத்துப்போகும் மேலாளர் அவர். நீ ஏன் போட்டியில் கலந்துகொள்ளவில்லை என்று டைகர்லிலி கேட்க, அன்றிரவே மேடையேறுகிறார் ஜீனா. 40க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட அந்த முதல் போட்டியிலேயே இரண்டாவது ரன்னர்-அப்.

இந்த இடத்தில் உங்கள் கட்டுரைகள் ‘அழகிப் போட்டிகளில் கலக்கினார்’ என்று தாண்டிப் போய்விடுகின்றன. கொஞ்சம் நிதானித்தால், உலகில் வேறெங்கும் இந்த அளவில் காணக் கிடைக்காத ஒரு பண்பாடு இங்கே இருக்கிறது. பராங்கை என்பது அந்நாட்டின் அடிமட்ட நிர்வாகப் பிரிவு, நம் ஊர் வார்டு போல. பராங்கைகளுக்குக் காவல் புனிதர்கள் உண்டு, அவர்கள் பெயரில் ஆண்டுதோறும் திருவிழா உண்டு. திருப்பலி, பவனி, வீடுதோறும் விருந்து, இவற்றோடு ‘மிஸ் கே’ என்று அழைக்கப்படும் அழகிப் போட்டியும் பல ஊர்களில் நடக்கும். மேடை பெரும்பாலும் ஊர்க் கூடைப்பந்துத் திடல். பாட்டிகள் முதல் கைக்குழந்தைகள் வரை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். நாடகமும் பார்வையாளர்களும் விடிய விடியத் தூங்காத நம் ஊர்த் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

போட்டிக்கென்று ஒரு வரிசை இருக்கிறது. முதலில் அறிமுகச் சுற்று. ஏதாவது ஒரு நாட்டின் பெயர் போட்ட பட்டையை அணிந்து, தானே சூட்டிக்கொண்ட மேடைப் பெயரை ஒலிபெருக்கி அதிரச் சொல்ல வேண்டும். பிறகு தேசிய உடை, நீச்சலுடை, நீண்ட கவுன், கடைசியில் கேள்வி-பதில். தோல்வியைத் தருவது பெரும்பாலும் நடுவில் வரும் நீச்சலுடைதான். இடுப்பு வளைவுக்காக மெத்தை ஃபோமை வெட்டி, விளிம்புகளைச் சாய்வாகச் சீவி, அதன் மேல் காலோடு ஒட்டும் நீளக் காலுறைகளை அடுக்கடுக்காக இழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. விளிம்பைச் சரியாகச் சீவாவிட்டால் மேடை வெளிச்சத்தில் கோடு தெரிந்துவிடும். காலுறை அடுக்கு குறைந்தால் தோலின் நிறமும் ஃபோமின் நிறமும் தனித்தனியாகத் தெரியும். கவுன் பல நேரம் வாடகை அல்லது இரவல். ஒப்பனையாளருக்கும், வண்டிக்கும், கவுனுக்கும் மேலாளர் முன்பணம் போடுவார். வென்றால் பரிசில் பங்கு. தோற்றால் அன்றைய செலவு அத்தனையும் நட்டம். மறுநாள் வேறொரு பராங்கை, வேறொரு புனிதர், மறுபடி முதலிலிருந்து. இது ஒரு தொழில். இதற்குப் பயிற்சியும் முதலீடும் குருவும் வேண்டும். ஜீனா 17 வயதிலேயே அந்நாட்டில் இத்தகைய போட்டிகளில் மிக அதிகம் சம்பாதித்தவர் என்று பெயரெடுத்தார் என்றால், அதன் பின்னால் எத்தனை இரவுகள் இருந்திருக்கும் என்று பாருங்கள்.

நீண்ட கழுத்து, கறுத்த நிறம், அடர்ந்த கூந்தல் ஆகியவற்றைக் கேலி செய்து சக போட்டியாளர்கள் அவரைக் குதிரை பார்பி என்றார்கள். அவர் அந்தக் கேலிப் பெயரையே மேடையில் தன் பலமாக்கிக்கொண்டார். 2023இல் வந்த தன் வரலாற்றுக்கும் அதையே தலைப்பாக வைத்தார். நிறத்துக்காகக் கேலி செய்யப்பட்ட பெண்ணின் கதை தமிழ் வாசகருக்கு அன்னியமா என்ன? ஆனால் உங்கள் கட்டுரை எதிலும் இதை நாங்கள் பார்க்கவில்லை.

2001இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து அம்மா அழைக்கிறார். கிரீன் கார்டு மனு ஏற்கப்பட்டுவிட்டது, கிளம்பி வா என்கிறார். ஜீனா மறுக்கிறார். ஏன் வர வேண்டும்? தோழிகள், மேடை, பெயர், பணம் எல்லாம் மணிலாவில் இருக்கின்றன. அப்போது அம்மா இன்னொன்றைச் சொல்கிறார்: இங்கே வந்தால் உன் பெயரையும் பால் குறிப்பையும் சட்டப்படி மாற்றிக்கொள்ளலாம். அந்த ஒன்று போதுமானதாக இருந்தது. 17 வயதில் கிளம்பிவிட்டார். கலிஃபோர்னியா ஓட்டுநர் உரிமத்தில் ஜீனா என்ற பெயரையும் பெண் என்பதற்கான எழுத்தையும் பார்த்த நாளைப் பற்றிச் சொல்லும்போது, மற்றவர்களுக்கு அது வண்டி ஓட்டுவதற்கான உரிமம், எனக்கு அது வாழ்வதற்கான உரிமம் என்ற பொருளில் பேசினார்.

அறுவை சிகிச்சை இந்தக் கதையில் எங்கே வருகிறது என்பதையும் சரியாக எழுதுங்கள். அன்றைய அமெரிக்க விதிகளில் பால் குறிப்பை மாற்ற அறுவை சிகிச்சை முன்நிபந்தனையாக இருந்ததை அதே உரையில் அவர் குறிப்பிடுகிறார். கலிஃபோர்னியாவில் 2012 முதல் அந்த நிபந்தனை இல்லை. 2017இல் கையெழுத்தான இன்னொரு சட்டம் மருத்துவச் சான்றையே விலக்கி, சுய உறுதிமொழி போதும் என்று ஆக்கியது. அர்ஜென்டினா 2012இலும் டென்மார்க் 2014இலும் இதே வழிக்கு வந்தன. ஜீனா 2014இல் தொடங்கிய ஜெண்டர் பிரவுட் அமைப்பு வலியுறுத்தியதும் இதைத்தான்: உடலில் கத்தி வைத்தால்தான் காகிதம் தருவேன் என்று எந்த அரசும் சொல்லக் கூடாது. அவர் எதிர்த்துப் பேசிய நிபந்தனையை, அவர் கதையின் உச்சக்கட்டமாக ‘அறுவை சிகிச்சையால் அழகியானவர்’ என்று தலைப்பிடுகிறீர்கள். அவருக்கு இழைக்கும் அநீதிகளில் இது பெரியது.

இனி பிலிப்பைன்ஸ் சட்டத்தைப் பார்ப்போம். இதை ஒரே ஒரு பத்தியாகவாவது உங்கள் கட்டுரைகளில் சேர்த்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

அங்கே பிறப்புப் பதிவில் உள்ள முதற்பெயரை நீதிமன்றம் போகாமல் மாற்ற 2001இன் குடியரசுச் சட்டம் 9048 வழி செய்கிறது. காரணங்கள் மூன்றே மூன்று: பெயர் கேலிக்குரியதாகவோ, இழிவானதாகவோ, எழுதவும் உச்சரிக்கவும் மிகக் கடினமாகவோ இருக்க வேண்டும், அல்லது வேறொரு பெயரால் தொடர்ந்து அறியப்பட்டிருக்க வேண்டும், அல்லது குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். 2012இல் வந்த சட்டம் 10172, பால் குறிப்பில் உள்ள எழுத்தர் பிழையைத் திருத்த அனுமதிக்கிறது. குழந்தை பெண்; பதிவேட்டில் தவறிப் போய் ஆண் என்று குறித்துவிட்டார்கள் என்றால் மனுப் போடலாம். பிறப்பு பதிவான ஊரின் பதிவு அலுவலகத்தில் மனுதாரரே நேரில் போய்த் தர வேண்டும். கட்டணம் 3000 பெசோ. பள்ளியின் முதல் பதிவேடு, மருத்துவப் பதிவுகள், ஞானஸ்நானச் சான்று போன்றவற்றை இணைக்க வேண்டும். நாளிதழில் வாரம் ஒருமுறை வீதம் இரண்டு வாரம் விளம்பரம் செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மனுதாரர் பால் மாற்றச் சிகிச்சை எதுவும் செய்துகொள்ளவில்லை என்று அங்கீகரிக்கப்பட்ட அரசு மருத்துவர் சான்று தர வேண்டும். கதவைத் திறந்த கையோடு திருநங்கையரை மட்டும் வெளியே நிறுத்தும் வாசகம் அது. ‘பிலிப்பைன்ஸில் இப்போது பால் குறிப்பை மாற்றலாம்’ என்று இந்தச் சட்டத்தைச் சொல்லி எழுதிய கட்டுரையும் எங்கள் பார்வைக்கு வந்தது. தலைகீழான தகவல்.

இதற்கு முன்பே சில்வேரியோ வழக்கு முடிந்திருந்தது. பாங்காக்கில் 2001 ஜனவரியில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு திருநங்கை, பெயரை மெலி என்றும் பால் குறிப்பைப் பெண் என்றும் திருத்தக் கோரி 2002 நவம்பரில் மணிலா நீதிமன்றத்துக்குப் போனார். 2003 ஜூனில் விசாரணை நீதிமன்றம் அனுமதித்தது. யாருக்கும் இதனால் தீங்கு இல்லை என்றது. அரசு மேல்முறையீடு செய்தது. 2006 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. 2007 அக்டோபர் 22 அன்று உச்ச நீதிமன்றமும் அவர் கோரிக்கையைத் தள்ளியது. ஒருவரின் பால் என்பது பிறந்த நேரத்தில் பிரசவம் பார்த்தவர் கண்ணால் கண்டு குறித்தது. அதை அறுவை சிகிச்சையின் அடிப்படையில் மாற்ற அனுமதிக்கும் சட்டம் எதுவும் இல்லை. வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டம் இயற்றட்டும் என்பது தீர்ப்பின் சாரம். அடுத்த ஆண்டே, 2008 செப்டம்பரில், ககண்டஹன் வழக்கில் இடைப்பால் உடலமைப்புடன், அதாவது ஆண், பெண் என்ற இரண்டில் ஒன்றில் முழுதாக அடங்காத உடலமைப்புடன், பிறந்த ஒருவருக்கு அதே உச்ச நீதிமன்றம் பெயரையும் பால் குறிப்பையும் மாற்ற அனுமதி கொடுத்தது. இயற்கையாக அமைந்தது என்றால் ஏற்போம், தானாகத் தேர்ந்தது என்றால் மாட்டோம் என்று கோடு கிழித்தார்கள். இந்த இரண்டு தீர்ப்புகளையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. இடைப்பால் மக்களும் திருநரும் ஒருவரல்லர்.

கடவுச்சீட்டு அந்நாட்டில் பிறப்புச் சான்றை ஒட்டியே வழங்கப்படுகிறது. ஆகவே தாய்லாந்தின் பட்டாயாவில் திருநங்கையருக்காக நடக்கும் மிஸ் இன்டர்நேஷனல் குயின் அழகிப் போட்டிக்குப் பிலிப்பைன்ஸிலிருந்து போகும் ஒவ்வொரு திருநங்கையும், தன் தோற்றத்துக்குப் பொருந்தாத ஓர் எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் குடிவரவு மேசைக்கு முன் நிற்கிறார். 2012இல் கெவின் பலோட், 2015இல் டிரிக்ஸி மரிஸ்டேலா, 2022இல் ஃபுஷியா ஆன் ரவேனா என்று மூன்று முறை அந்நாட்டுக்கு அந்த மகுடம் வந்திருக்கிறது. மூன்று முறையும் ஊர் கொண்டாடியது. அதற்காகப் பிறப்புச் சான்றில் ஒரு புள்ளியும் மாறவில்லை. திரையுலகில் பெயர் பெற்ற பிபி கண்டங்ஹாரி தன் பெயரையும் பால் குறிப்பையும் 2016இல் மாற்றிக்கொண்டதும் கலிஃபோர்னியா நீதிமன்றத்தில்தான். புகழ் வீட்டில், காகிதம் கடல் கடந்து. இரண்டு கலைஞர்களுக்கும் இதே கதை என்றால் அதைத் தற்செயல் என்று எழுத முடியுமா?

அந்தக் காகிதம் கிடைத்த பிறகும் ஜீனா பயந்து வாழ்ந்தார் என்பதுதான் ஊடகத்தார் நின்று படிக்க வேண்டிய இடம். 2005இல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் ஓர் உணவகத்தில் ஒரு புகைப்படக் கலைஞர் அவரைப் பார்க்கிறார். நெக்ஸ்ட் என்ற பெரிய மாடலிங் நிறுவனம் ஒப்பந்தம் செய்கிறது. நீச்சலுடை, ஒப்பனைப் பொருள், அங்காடி விளம்பரங்கள் என்று வேலை குவிகிறது. 2014 மேடையில் அவர் சொன்னபடி, அதற்கு முந்தைய ஒன்பது ஆண்டுகளாகச் சக ஊழியர்கள் சிலருக்கும், நண்பர்கள் சிலருக்கும், தன் முகவருக்குமே அவர் திருநங்கை என்பது தெரியாது. ஏன் மறைத்தார்? தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு முன்னுதாரணங்கள் இருந்தன. பிரிட்டிஷ் மாடல் கரோலின் காசி ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தில் தலைகாட்டியதும், 1981இல் நியூஸ் ஆஃப் த வேர்ல்ட் இதழ் ‘ஜேம்ஸ் பாண்ட் பெண் ஆணாக இருந்தவர்’ என்ற பொருள்பட முதல் பக்கத்தில் தலைப்பிட்டு அவர் வாழ்க்கையைக் கலைத்தது. அமெரிக்கக் கறுப்பின மாடல் டிரேசி நார்மன், 1970களில் கிளெய்ரால் கூந்தல் சாயப் பெட்டியில் முகமாக இருந்தவர், விஷயம் வெளியே கசிந்ததும் வேலைகளை இழந்தார். நியூஸ் ஆஃப் த வேர்ல்ட் 2011இல் மூடப்பட்டுவிட்டது. அதன் தலைப்பு மட்டும் தமிழில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

30ஆவது பிறந்தநாளை ஒட்டி, இனி மறைப்பதில்லை என்று ஜீனா முடிவெடுக்கிறார். 2014 மார்ச்சில் வான்கூவரில் டெட் உரை. இணையத்தில் அது வெளியான மார்ச் 31, உலகத் திருநர் புலப்பாட்டு நாள். சிறுவயதுப் படத்தை அவரே, தான் தேர்ந்த மேடையில், தான் தேர்ந்த நாளில் காட்டினார். அதை எடுத்து அம்புக்குறி போடும் உரிமை அதனால் உங்களுக்கு வந்துவிடாது. அதன் பிறகு நடந்தவை: திருநர் சிறார்களைப் பற்றிய தொடரின் தயாரிப்பு, 2016இல் அதே டிரேசி நார்மனோடு ஹார்ப்பர்ஸ் பஜார் இதழின் ஒரு பதிப்பில் அட்டைப்படம், 2019 ஆகஸ்டில் பிளேபாய் இதழின் மாத நாயகி, கோவிட் காலத்தில் முன்களத்தில் நின்ற பிலிப்பினோ அமெரிக்கர்களைப் பற்றி 2021இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸில் வந்த கேர்டேக்கர்ஸ் ஆவணத் தொடர். உங்கள் கட்டுரைகள் இதில் பிளேபாயை மட்டும் எடுத்துக்கொண்டன. செவிலியரைப் பற்றிய ஆவணத் தொடர் யார் கண்ணிலும் படவில்லை.

இந்தக் கதை முடிந்துபோன வெற்றிக் கதையும் அல்ல. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் கையெழுத்திட்ட ஆணை, கடவுச்சீட்டு உள்ளிட்ட மத்திய அரசு ஆவணங்களில் பிறப்பில் குறித்த பாலையே எழுத வேண்டும் என்கிறது. எந்த எழுத்துக்காகப் பிலிப்பைன்ஸிலிருந்து ஒருவர் கிளம்பினாரோ, அது தந்த நாட்டிலேயே இன்று ஆட்டம் காண்கிறது. ‘இப்போது மகிழ்ச்சியாக வாழ்கிறார்’ என்ற உங்கள் கடைசி வரியை அப்படியே விட முடியாது.

காகிதம் இல்லாதவருக்கு என்ன நேர்கிறது என்பதற்கு இரண்டு பெயர்கள் போதும். 2014 அக்டோபர் 11 அன்று ஒலோங்கப்போ நகரில் ஜெனிஃபர் லாவுடே என்ற திருநங்கை ஓர் அமெரிக்க மரைன் படை வீரரால் கொல்லப்பட்டார். கொலைக் குற்றச்சாட்டு, தண்டனை குறைந்த மனித உயிர்ப்பறிப்பாக இறங்கி 2015 டிசம்பர் 1 அன்று தீர்ப்பானது. 2020 செப்டம்பரில் அதிபர் துதெர்த்தே அந்த வீரருக்கு முழு மன்னிப்பு வழங்கினார். இறந்த பிறகும் ஜெனிஃபரைப் பிறப்புச் சான்றின் பெயரால் எழுதிய செய்திகள் உண்டு. அதைத் தமிழாக்கியவர்களும் உண்டு. இன்னொருவர் கிரெட்சன் டியஸ். 2019 ஆகஸ்ட் 13 அன்று கேசோன் சிட்டியில் ஒரு வணிக வளாகத்தில் பெண்கள் கழிப்பறையைப் பயன்படுத்தப் போனதற்காகக் கைவிலங்கிட்டு அழைத்துச் செல்லப்பட்டார். பாகுபாட்டைத் தடைசெய்யும் விதியை நகர அளவில் 2014லேயே கொண்டுவந்த நகரம் அது.

நாடு முழுவதற்குமான பாகுபாட்டுத் தடை மசோதா முதன்முதலில் 2000இல் தாக்கலானது. 2017 செப்டம்பர் 20 அன்று கீழவையில் 198-0 என்று ஒருமனதாக நிறைவேறியது. செனட்டில் வாக்கெடுப்புக்கே வராமல் அந்த அவையின் காலம் முடிந்தது. அதன் பிறகும் சட்டமாகவில்லை. 2016இல் பத்தான் மாகாணத்திலிருந்து தேர்வான ஜெரால்டின் ரோமன், அந்நாட்டு நாடாளுமன்றத்தின் முதல் திருநங்கை உறுப்பினர், அவையில் அதற்காக வாதாடியும் இதுதான் நிலை. ஒன்றைக் கவனியுங்கள்: இந்த மசோதா வேலை, கல்வி, மருத்துவம் போன்றவற்றில் பாகுபாட்டைத் தடுப்பதற்கானது. பிறப்புச் சான்றில் பால் குறிப்பை மாற்றுவதற்கானது அல்ல. இரண்டையும் ஒன்றாக எழுதிக் குழப்புகிறீர்கள்.

மொழிக்கு வருகிறோம். தகாலோக் மொழியில் அவன், அவள் இரண்டுக்கும் ‘சியா’ என்ற ஒரே சொல்தான். தமிழில் வினைமுற்றே பால் காட்டிவிடும் என்பது உண்மை. ஆனால் நமக்கு ‘அவர்’ இருக்கிறது. பிறந்தார், வளர்ந்தார், போட்டியிட்டார், வென்றார் என்று எழுதினால் ஓரிடத்திலும் இடறாது. எந்த மாடலுக்கும் நடிகைக்கும் இயல்பாகவே ‘ஆர்’ விகுதி போடும் உங்கள் பக்கங்களில், திருநங்கைக்கு மட்டும் முதல் பத்தியில் ‘ஆன்’ விகுதியும் கடைசிப் பத்தியில் ‘ஆள்’ விகுதியும் வருவது எப்படி? பெயரைப் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள். 2012இல் மகுடம் வென்ற பெண்ணின் பெயர் கெவின்.

‘பக்லா’ என்ற சொல்லைத் திருநங்கை என்று நேராகப் பெயர்ப்பதும் தவறு. பெண்மைச் சாயலுள்ள தன்பால் ஈர்ப்பு ஆண்களையும் திருநங்கையரையும் சேர்த்துக் குறிக்கிற சொல் அது. சிலர் பெருமையோடு சொல்லிக்கொள்வார்கள், தெருவில் வசையாகவும் விழும். ஜீனா சிறுவயதில் கேட்டது வசையாகத்தான். தங்களைத் தனியே குறிக்க அங்குள்ள திருநங்கையர் ‘டிரான்ஸ்பினை’ என்ற சொல்லை உருவாக்கிக்கொண்டார்கள். அதை அப்படியே எழுதி, ஒரு வரி விளக்கம் கொடுங்கள். ‘மூன்றாம் பாலின மாடல்’ என்பதும் ஜீனாவுக்குப் பொருந்தாது. அவர் தன்னைப் பெண் என்கிறார், அவர் உரிமமும் அதைத்தான் சொல்கிறது. சொல் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலை அடுத்துத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழிலேயே சொற்பட்டியல் வெளியிட்டிருக்கிறது.

இன்னொன்றைக் கோபத்தோடு அல்ல, கவலையோடு சொல்கிறோம். ‘ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டு அழகியானார்’ என்று எழுதும்போது அதைப் படிக்கும் 16 வயதுப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். பிலிப்பைன்ஸில் பல திருநங்கையர் மருத்துவர் துணையின்றிக் கருத்தடை மாத்திரைகளை எடுத்துவந்திருக்கிறார்கள். பரவலாகப் புழங்கும் ஒருவகை மாத்திரையில் 2 மில்லிகிராம் சைப்ரோடெரோன் அசிடேட்டும் 0.035 மில்லிகிராம் எத்தினைல் எஸ்ட்ரடயாலும் இருக்கும். இந்த இரண்டாவது மருந்து ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்தைக் கூட்டுவதால், திருநர் சிகிச்சைக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்பது சர்வதேச மருத்துவ வழிகாட்டல். விரைவில் பலன் கிடைக்க வேண்டும் என்று இரட்டிப்பாக விழுங்கினால் ஆபத்துதான் கூடும். புகைப்பவர்களுக்கு இன்னும் அதிகம். ஒரே வாக்கியம் சேர்த்தால் போதும்: இதை அகச்சுரப்பியல் மருத்துவரின் மேற்பார்வையில், ரத்தப் பரிசோதனையோடு மட்டுமே எடுக்க வேண்டும். இடம் இல்லை என்றால் ஹார்மோன் பேச்சையே எடுக்காதீர்கள்.

உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை.

ஏற்கெனவே வெளியான கட்டுரைகளிலும் காணொளி முகப்புகளிலும் உள்ள முன்-பின் ஒப்பீட்டுப் படங்களையும், ‘ஆண் என்றால் நம்ப முடிகிறதா’ வகைத் தலைப்புகளையும் நீக்குங்கள். ஓசையின்றி மாற்றிவிடாமல், என்ன திருத்தப்பட்டது என்று கட்டுரையின் அடியில் தேதியோடு குறிப்பிடுங்கள். ஜெனிஃபர் லாவுடே போன்ற இறந்தவர்களின் பழைய பெயர்களையும் எடுத்துவிடுங்கள். அவர்கள் உங்களுக்குக் கடிதம் எழுத முடியாது.

பழைய பெயர், உடல், சிகிச்சை ஆகியவற்றை அவரே பொதுவில் பேசியிருந்தால் ஒழியத் தொடாதீர்கள். பேசியிருந்தாலும், அந்தச் செய்திக்கு அது தேவையா என்று துணையாசிரியர் ஒருவர் பார்த்த பிறகே வெளியிடுங்கள்.

பிலிப்பைன்ஸ் திருநங்கை ஒருவர் மகுடம் வென்றார் என்று எழுதும் ஒவ்வொரு முறையும், அவர் நாட்டில் அவர் பெயரும் பாலும் சட்டப்படி ஏற்கப்படுவதில்லை என்ற ஒரு வரியைச் சேருங்கள். சில்வேரியோ தீர்ப்பின் ஆண்டைக் குறிப்பிடுங்கள். சட்டம் மாறினால் அதை முதலில் எழுதுபவர்களாக இருங்கள்.

அரசிதழ்ச் சொற்பட்டியலை அச்சிட்டு உதவி ஆசிரியர்கள் மேசையிலும், காணொளிக்குப் பின்னணி எழுதுவோர் மேசையிலும் வையுங்கள். மொழிபெயர்ப்பு மென்பொருள் தரும் ‘அவன்’ விகுதியைத் திருத்தாமல் வெளியிடாதீர்கள்.

கட்டுரைகளின் கீழே வரும் வசைகளை நீக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

திருநர் பற்றிய செய்திகளைப் படித்துப் பார்க்க, ஊதியம் கொடுத்து, தமிழ் எழுதத் தெரிந்த திருநங்கையர், திருநம்பியர் இருவரையாவது அமர்த்துங்கள். இலவசமாகக் கேட்காதீர்கள்.

இந்த மடல் வெளியான நாளிலிருந்து 30 நாட்களுக்குள், திருத்துகிறீர்களா இல்லையா என்பதை உங்கள் இதழிலேயே வாசகர்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.